லீஸ்வில்லுக்குப் போகலாமா, இங்கேயே இருக்கலாமா?

கேள்வி: என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் ஸ்டாஃப் சார்ஜென்ட். மாணவர் விசாவில் வந்தவர். தமிழ் தெரியும் என்பதால், தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரை ராணுவத்தில் சேர்த்த மாவ்னி திட்டத்தில் சேர்ந்து, குடியுரிமையும் வாங்கினார். சில வருடங்களாக வாஷிங்டன் மாநிலத்தில், லூயிஸ்-மெக்கார்ட் தளத்துக்குப் பக்கத்தில் லேசியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இப்போது லூசியானாவில் உள்ள ஃபோர்ட் போல்க் தளத்துக்கு இடமாற்ற ஆர்டர்ஸ் வந்துவிட்டது. அங்கே பயிற்சி மையத்தில் வேலை. ஜூலை கடைசியில் போய்ச் சேர வேண்டும். பக்கத்து ஊர் லீஸ்வில். இணையத்தில் தேடினால் பைன் மரமும் சர்ச்சும்தான் தெரிகிறது. நான் நர்ஸ், கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். மகள் 5ஆம் வகுப்பு முடிக்கிறாள், பரதம் கற்கிறாள். மகனுக்கு செப்டம்பர் நடுவில் 5 வயது முடியும். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். "நீங்க எல்லாரும் இங்கேயே இருங்க, நான் மூணு வருஷம் தனியா இருந்துட்டு வந்துடறேன்" என்கிறார் கணவர். கேட்டதும் கோபம் வந்தது. ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த ஊரில் எங்கள் நிறத்தையும் சாமியையும் எப்படிப் பார்ப்பார்கள்? எனக்கு வேலை கிடைக்குமா? வீட்டுக்காரர் வேறு ஒப்பந்தத்தை முறிக்க இரண்டு மாத வாடகை கேட்கிறார். கொலு பொம்மைகளை என்ன செய்வது என்றுகூடத் தெரியவில்லை.

வாசகி, லேசி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லோருமாகப் போங்கள். இப்படி எடுத்த எடுப்பில் சொல்வது ஆலோசகருக்கு அழகில்லை என்பார்கள். ஆனால் ராணுவக் குடும்பங்களோடு பல வருடம் வேலை செய்ததில், உங்கள் மாதிரி கடிதத்துக்கு "இரண்டு பக்கமும் யோசியுங்கள்" என்று பதில் எழுதினால் ஜூலை வந்துவிடும் என்று தெரியும்.

முதலில் பணக் கணக்கு, ஏனென்றால் உங்கள் கணவர் அதைப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. வீட்டு வாடகைக்காக ராணுவம் கொடுக்கும் பி.ஏ.எச். என்ற படித்தொகை, குடும்பம் எங்கே இருக்கிறது என்பதை வைத்து வருவதில்லை. சிப்பாய் எந்தத் தளத்தில் வேலை செய்கிறாரோ அந்த ஊர் விகிதத்தில் வரும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், கேட்டவருக்கெல்லாம் கிடைப்பதில்லை. ஆக, நீங்கள் லேசியில் இருந்தால் லேசி வாடகையை ஃபோர்ட் போல்க் படித்தொகையில் கட்டுவீர்கள். அதற்கு மேல் அவருடைய தங்குமிடச் செலவும் வருடத்துக்கு இரண்டு மூன்று விமான டிக்கெட்டும். இதை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். தியாகம் செய்வதாக நினைத்துப் பேசுகிறவரிடம் தாள்தான் பேச வேண்டும்.

அடுத்தது, அவர் போகிற இடம் போர்முனை அல்ல. ஃபோர்ட் போல்க்கில் இருப்பது ஜே.ஆர்.டி.சி. என்ற கூட்டுப் பயிற்சி மையம். நாடெங்கிலும் இருந்து படைப்பிரிவுகள் வந்து அந்தக் காட்டுக்குள் சண்டைப் பயிற்சி எடுத்துவிட்டுப் போகும். அங்கே நிரந்தரமாக வேலை செய்கிறவர்கள் பயிற்சி நடக்கும்போது "பாக்ஸ்" என்று அவர்கள் சொல்லும் பகுதிக்குள் இரண்டு வாரம்போல இருப்பார்கள், அப்புறம் வீடு. அடுத்த சுற்று வரும்வரை ஓரளவு ஒழுங்கான வேலை நேரமும் நீண்ட வாரயிறுதிகளும் கிடைக்கும். அவர் பாக்ஸுக்குள் இருக்கும் நாட்களில் நீங்கள் லீஸ்வில்லில் இருந்தாலும் லேசியில் இருந்தாலும் தனிதான். வெளியே வரும் நாட்கள்தான் வித்தியாசம். அந்த நாட்களில் உங்கள் மகன் அவர் தோளில் ஏறப் போகிறானா, வீடியோ காலில் கையசைக்கப் போகிறானா என்பதுதான் கேள்வி. வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டால் பிரிவு கட்டாயம், அதற்கு மனசு தயாராகிவிடும். கட்டாயமில்லாத பிரிவு அப்படி இல்லை. இரண்டாம் வருடத்தில் "அன்றைக்கு ஏன் வரமாட்டேன் என்றாய்", "நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள்" என்று ஆரம்பிக்கும். இந்தச் சண்டையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

உங்களுக்கு வந்த நிம்மதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கணவரைப் பிரிவதில் வந்த நிம்மதி என்று நினைத்து உங்களையே குத்திக்கொள்ளாதீர்கள். வீட்டை மறுபடி மூட்டை கட்ட வேண்டாம் என்ற நிம்மதி அது. அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

சரி, ஊருக்கு வருவோம். லீஸ்வில்லின் மக்கள்தொகை 6,000க்கும் குறைவு. ஆனால் அதை மற்ற தெற்கத்திச் சிற்றூர்களோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது. 1941இல் அமெரிக்க ராணுவம் நடத்திய லூசியானா போர் ஒத்திகையில் ஏறக்குறைய 4 லட்சம் சிப்பாய்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வந்து இறங்கினார்கள். அன்றிலிருந்து அந்த ஊர் வெளியாட்களால்தான் பிழைக்கிறது. மளிகைக் கடைப் பெண்ணுக்கு, வீட்டுத் தரகருக்கு, பள்ளி ஆசிரியைக்கு எல்லாம் மூன்று வருடத்தில் கிளம்பிவிடும் குடும்பங்கள் பழக்கம். இது நல்லதும் கெட்டதும். உங்களைப் பார்த்து யாரும் அதிசயப்படப் போவதில்லை. ஆனால் "இவர்களும் போகத்தானே போகிறார்கள்" என்று நெருங்கவும் அவசரப்பட மாட்டார்கள். முதல் அடியை நீங்கள் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

நிறத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். அந்தத் தளத்துக்கு முதலில் வைத்த பெயர் லியோனிடஸ் போல்க்குடையது. அவர் லூசியானாவின் பிஷப்பாக இருந்தவர், உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காக நின்ற தென்மாநிலங்களின் தளபதி. 2023 ஜூனில் அதை மாற்றி, முதல் உலகப் போரில் வீரப்புகழ் பெற்ற கறுப்பின சிப்பாய் ஹென்றி ஜான்சனின் பெயரை வைத்தார்கள். 2025இல் மறுபடி போல்க் ஆக்கினார்கள். இந்தமுறை இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய ஜேம்ஸ் போல்க் என்ற வேறொரு தளபதியின் பெயரில். ஒரு பெயர்ப் பலகை இரண்டு வருடத்தில் இரண்டு முறை மாறியதிலேயே அந்தப் பகுதியின் உள்மனச் சண்டை தெரியும். டிரக்கின் பின்னால் பழைய தென்மாநிலக் கொடியைப் பார்ப்பீர்கள். அதே டிரக்காரர் உங்கள் கார் பள்ளத்தில் இறங்கினால் நின்று இழுத்துவிட்டு, காசு வாங்காமல் போவார். இரண்டும் உண்மை, ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க முடியாது. பள்ளியில் மகளை யாராவது நிறம் சொல்லிக் கேலி செய்தால் "போகட்டும்" என்று விடாதீர்கள். தளத்தில் ஸ்கூல் லெய்சான் ஆபீசர் என்று ஒருவர் இருப்பார். ராணுவக் குடும்பங்களுக்கும் பள்ளிகளுக்கும் நடுவில் நிற்பதே அவர் வேலை. போய்ச் சேர்ந்த முதல் வாரமே அறிமுகமாகிவிடுங்கள், பிரச்சினை வந்த பிறகு அல்ல.

சாமி விஷயத்தில் நீங்கள் பயப்படுவது வெறுப்புக்கு. உங்களுக்குக் கிடைக்கப் போவது பெரும்பாலும் அழைப்பு. "எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்பது அங்கே "சாப்பிட்டாச்சா?" மாதிரி. அதில் வேவு பார்ப்பது எதுவும் இல்லை. "நாங்கள் இந்து, எங்கள் கோயில் ஹூஸ்டனில் இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். விளக்கமோ மன்னிப்போ வேண்டாம். ஞாயிறு காலையும் புதன் மாலையும் பாதி ஊர் சர்ச்சில் இருக்கும். அந்த நேரத்தில் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள், பிறந்தநாள் விழா வைக்காதீர்கள். கோடை விடுமுறையில் வெக்கேஷன் பைபிள் ஸ்கூல் நடக்கும். காசு கிடையாது, பாட்டு, கைவேலை, ஐஸ்கிரீம் எல்லாம் உண்டு, மகளின் வகுப்பில் பாதிப்பேர் போவார்கள். அனுப்புவதா வேண்டாமா என்பதைக் கணவரும் நீங்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை அழைப்பிதழோடு வந்து நிற்கும்போது முடிவெடுத்தால் மாமியாரும் சேர்ந்து வீடு மூன்று கட்சியாகிவிடும்.

வேலை விஷயத்தில் உங்கள் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட நல்லது. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்ய வேண்டும். நர்ஸுகளுக்கான மாநிலக் கூட்டு உரிமத்தில் லூசியானா 2019இலேயே சேர்ந்துவிட்டது. வாஷிங்டன் 2023இல்தான் சட்டம் போட்டது, 2024இல்தான் பல மாநிலங்களில் செல்லும் உரிமத்தைக் கொடுக்க ஆரம்பித்தது. ஆகவே நீங்கள் அதற்கு முன் வாங்கிய உரிமம் வாஷிங்டனுக்கு மட்டும் செல்லும் பழைய ரகமாக இருக்கலாம். அது தானாக மாறாது, விண்ணப்பித்து மாற்ற வேண்டும். நீங்கள் வாஷிங்டன்வாசியாக லேசியில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். சாதாரணமாக வேறு மாநிலத்தில் குடியேறிய நர்ஸ் 60 நாளுக்குள் புது மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பணியில் இருக்கும் சிப்பாயின் மனைவிக்கு மட்டும் சொந்த மாநில உரிமத்தையே வைத்துக்கொள்ள அந்தக் கூட்டு ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது. எது எப்படியானாலும், இடமாற்றத்தால் வரும் உரிமச் செலவில் 1,000 டாலர் வரை ராணுவம் திருப்பித் தரும். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இதோடு சேர்ந்தது வரி. வாஷிங்டனில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது, லூசியானாவில் உண்டு. ராணுவத்தினரின் துணைவர்களுக்கென்று 2009இல் வந்த சட்டத்தின்படி, கணவரின் ஆர்டர்ஸுக்காகவே நீங்கள் அங்கே போவதால், வாஷிங்டனையே சட்டப்படியான சொந்த மாநிலமாக வைத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் உரிமத்தை மாற்றாமல் வைத்திருங்கள், வேலையில் சேரும் அன்றே விலக்குப் படிவத்தைக் கொடுங்கள். மனிதவளப் பெண்மணி புருவத்தை உயர்த்தினால் தளத்தின் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள், இலவசம். வேலை தேட லீஸ்வில்லில் பர்ட் மருத்துவமனை, தெற்கே அரை மணி நேரத்தில் டெரிடர் ஊர். கிராமப்புற மருத்துவமனைகள் நர்ஸுக்கு ஏங்கிக்கொண்டிருக்கின்றன. இன்னொரு லாபமும் உண்டு: சிற்றூரில் இரவுப் பணியில் ஒரு பாட்டிக்கு நன்றாக ஊசி போட்ட நர்ஸை அடுத்த வாரம் கடையில் பத்துப் பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நீங்கள் சிப்பாயின் மனைவி என்பதை ஊர் மறந்துவிடும்.

அதனால்தான், வீடு முதல் வருடம் தளத்துக்குள் இருக்கட்டும், வேலை ஊருக்குள் இருக்கட்டும் என்பேன். தளத்துக்குள் மாமியார் மாலையில் நடக்கலாம், பிள்ளைகள் சைக்கிள் விடலாம், கணவர் பாக்ஸில் இருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே நிலைமையில் இருப்பாள். ஆனால் தளத்துக்குள் வீடு, தளத்துக்குள் கடை, மாலையில் மறுபடி லேசித் தோழிகளோடு வாட்ஸ்அப் என்று இருந்துவிட்டால் மூன்று வருடமும் காத்திருப்பிலேயே போய்விடும். தென்னாட்டுச் சிற்றூர் பிடிக்காமல் திரும்பிய பெண்களில் பலர், உண்மையில் அந்த ஊருக்குள் நுழையவே இல்லை. வீட்டுக்கு இப்போதே பெயர் கொடுங்கள், காத்திருப்புப் பட்டியல் இருக்கும். புது யூனிட்டில் உங்கள் கணவருக்கு வழிகாட்ட ஸ்பான்சர் என்று ஒருவரை நியமித்திருப்பார்கள். அவரைவிட அவருடைய மனைவியின் எண்ணை வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு வருகிறேன். வாஷிங்டனில் பள்ளி செப்டம்பரில் திறக்கும். அங்கே ஆகஸ்ட் முதல் பாதியிலேயே திறந்துவிடும். வாஷிங்டனில் பள்ளி முடிவதே ஜூன் நடுவில்தான். ஆக, மகளுக்கு இந்தக் கோடை விடுமுறை பாதியாகக் கரையும், அதை இப்போதே சொல்லிவிடுங்கள். மகன் விஷயம் இன்னும் அவசரம். வாஷிங்டனில் கிண்டர்கார்டனுக்கு ஆகஸ்ட் 31க்குள் 5 வயது முடிய வேண்டும். லூசியானாவில் அந்தக் கெடு செப்டம்பர் 30. அடுத்த வருடம்தான் பள்ளி என்று நீங்கள் நினைத்திருக்கும் பையன் இந்த ஆகஸ்டிலேயே புத்தகப் பை மாட்டலாம்! அவன் தயாரா, ஒரு வருடம் பிரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) போகட்டுமா என்று பள்ளியிடம் பேசுங்கள். ராணுவப் பிள்ளைகளுக்காக 50 மாநிலங்களும் சேர்ந்திருக்கும் கல்வி ஒப்பந்தம் ஒன்று உண்டு. அதன்படி கையில் கொண்டுபோகும் நகல்களை வைத்தே சேர்த்துக்கொள்ள வேண்டும், விட்டுப்போன தடுப்பூசிக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும், மகள் இங்கே சிறப்பு வகுப்பில் இருந்தால் முதலில் அதே நிலையில் அங்கேயும் வைக்க வேண்டும். நகல்களைச் சாமான் லாரியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். இன்னொன்று, அங்கே ஆசிரியைக்கு "யெஸ், மேம்" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். வெறும் "யெஸ்" சொன்னால் திமிர் என்று நினைப்பார்கள். மகளுக்குக் காரிலேயே பழக்கிவிடுங்கள்.

பரதத்தை இப்போதைய ஆசிரியையிடமே ஆன்லைனில் தொடரலாம். ஆனால் இரண்டு மணி நேர வித்தியாசம். இங்கே மாலை 6 மணி வகுப்பு அங்கே இரவு 8. சனிக்கிழமைக்கு மாற்றிக் கேளுங்கள். மேடை, சலங்கை பூஜை எல்லாவற்றுக்கும் ஹூஸ்டன்தான் உங்கள் பெருநகரம். கிட்டத்தட்ட நான்கு மணி நேர ஓட்டம். ஹூஸ்டனை ஒட்டிய பியர்லாண்டில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. கோபுரத்தைப் பார்த்ததும் மாமியார் லூசியானாவை மன்னித்துவிடுவார். ஹூஸ்டனின் ஹில்கிராஃப்ட் பகுதி இந்தியக் கடைகளில் ஆறு வாரத்துக்கான மளிகையை வாங்கிக்கொண்டு திரும்பலாம். கறிவேப்பிலைச் செடியை மட்டும் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வராதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் அந்தச் செடியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. மற்றபடி சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். தென்மேற்கு லூசியானா நெல் விளையும் பூமி. சோற்றின் மேல் வெண்டைக்காயும் இறாலும் போட்ட குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள்.

மாமியாரின் செலவில் பாதிக்கு மேல் உங்கள் கணவர் ஏற்கிறார் என்றால் அவரைச் சார்ந்தவராகப் பதிவு செய்து அடையாள அட்டை வாங்கலாம். தளத்துக் கடையும், இடம் இருந்தால் ராணுவ மருத்துவமனையும் கிடைக்கும். அவரும் கிரீன் கார்டுதான் என்றால் நீங்கள் இருவரும் வீடு மாறிய 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்கு ஏ.ஆர்-11 படிவத்தில் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். இதை ராணுவம் உங்களுக்காகச் செய்யாது.

வீட்டுக்காரருக்கு இரண்டு மாத வாடகை கொடுக்காதீர்கள். இடமாற்ற ஆர்டர்ஸ் வந்த சிப்பாய் குத்தகையை அபராதமின்றி முடிக்கலாம் என்பது கூட்டாட்சிச் சட்டம். எழுத்தில் நோட்டீஸும் ஆர்டர்ஸின் நகலும் கொடுத்தால், அதற்கு அடுத்த வாடகை தேதியிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடியும். ஜூன் 10 கொடுத்தால், ஜூலை 1 வாடகை தேதி என்றால், ஜூலை 31 வரைதான் பாக்கி.

சாமான் கட்டும்போது நகைகள் உங்கள் கையோடு வரட்டும். ஸ்டாஃப் சார்ஜென்ட் குடும்பத்துக்கு 11,000 பவுண்டு வரை அனுப்பலாம், ஆகவே கிரைண்டர் கல்லைப் பற்றிக் கவலை வேண்டாம். பட்டுப் புடவைகளுக்கு மட்டும் பயப்படுங்கள்; அந்த ஈரக் காற்றில் அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும், ஈரம் உறிஞ்சும் மிஷின் ஒன்று வாங்குங்கள். புல்லில் யாரும் வெறுங்காலில் நடக்கக்கூடாது, நெருப்பு எறும்பு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2020 ஆகஸ்டில் லாரா புயல் கடலோரத்தில் ஏறி அந்த உள்நாட்டுக் காடுகள் வரை மரங்களைச் சாய்த்தது. குடியிருப்போர் காப்பீடு முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

கொலு பொம்மைகளை நீங்களே பாசத்தோடு பெட்டியில் அடுக்கி ஒட்டிவிடாதீர்கள். நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் சாமான் ஏற்றும் கம்பெனி பொறுப்பேற்காமல் நழுவும். ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மூவர்ஸே கட்டட்டும் என்று பக்கத்தில் நில்லுங்கள். பட்டியலில் வெறுமனே "பொம்மை" என்று எழுதவிடாமல் "மண்சிலை, கைவேலை, இத்தனை எண்ணம்" என்று எழுதச் சொல்லுங்கள். உடைசலைத் தெரிவிக்க 180 நாள், முழு இழப்பீடு கேட்க 9 மாதம் அவகாசம். நவராத்திரிக்குள் நீங்கள் அங்கே போய் இரண்டு மாதமாவது ஆகியிருக்கும். படி கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்களையும் உங்கள் வார்டு நர்ஸுகளையும் கூப்பிடுங்கள், புதன் மாலை தவிர. வெறுங்கையோடு வரமாட்டார்கள், ஆளுக்கொரு பாத்திரம் தூக்கிக்கொண்டு வருவார்கள். கறி வேண்டாம் என்று கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள்; அங்கே பீன்ஸில்கூட பன்றிக்கறி போட்டிருப்பார்கள்.